ஆறிய என்ஜின்

மாமா வாங்கப்போகும் படகை நான் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வாங்கலாம் என்பது அக்கா போட்ட நிபந்தனை.

மாமா என்பது அக்காவின் கணவர். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களுக்கு உதிரிபாகம், மருந்து, தபால், சில நாள்களில் ஆட்கள் என்று கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பிழைப்பு. அவரிடம் இருப்பது ஒரு பழைய டீசல் படகு. கப்பல்கள் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர அது ஐம்பது நிமிடம் எடுத்துக்கொள்ளும். அவருக்கு வேலை கொடுக்கும் ஏஜென்ட், முதல் தேதியிலிருந்து இருபது நிமிடத்தில் போகிறவர்களுக்குத்தான் வேலை என்று சொல்லிவிட்டார். இருபது நிமிடம் என்றால் வேகப்படகு வேண்டும். புதிதாக வாங்க வழியில்லை. மாடியில் ஓர் அறை கட்ட இருவரும் எட்டு வருடமாகச் சேர்த்த தொகை இருந்தது. அதற்குள் யாராவது ஓட்டிக் கழித்த படகு ஒன்று அமைய வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன் பழைய படகின் என்ஜின் வழியிலேயே நின்றுபோய், மாமா பதினோரு மணி நேரம் கடலில் அலைந்துகொண்டிருந்தார். அன்று அக்கா படகுத்துறையில் நின்றதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்றாள். "உக்காந்தா கண்ணு அசந்துடும்டி" என்றாள். பகல் பன்னிரண்டு மணிக்கு யாருக்குக் கண் அசரும்? அன்றிலிருந்து படகு என்ற பேச்சை எடுத்தாலே அவள் முகம் மாறிவிடும்.

என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் அறிவு என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். நான் ஒரு உதிரிபாகக் கடையில் கவுன்டரில் நிற்பவள். வாரம் மூன்று மாலை என்ஜின் பழுதுபார்க்கும் வகுப்புக்குப் போகிறேன். சான்றிதழ் கிடைக்க இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அக்கா நம்பியது என் சந்தேகத்தை. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். "எதுக்கும் ஒரு தடவை பாத்துடலாம்" என்று சொல்லிச் சொல்லி வகுப்பில் எனக்கு 'எதுக்கும்' என்றே பெயர். அது வீடுவரை வந்து, மாமாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"இவ சரின்னு சொன்னா வாங்குங்க. இல்லேன்னா வேண்டாம்" என்றாள் அக்கா, துணி மடித்துக்கொண்டே.

"'எதுக்கும்' சரின்னு சொல்லி நீ எப்பவாவது கேட்டிருக்கியா? செருப்பு வாங்கவே ஒரு மாசம் யோசிப்பா" என்றார் மாமா.

"அதனாலதாங்க."

நான் ஒரு நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு படகுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கி, பக்கத்துக்குப் பதினாறு கட்டம் போட்டேன். அடிப்பகுதி, தளம், பின்பலகை, வயரிங், எண்ணெயின் நிறம், என்ஜின் ஓடிய மணிநேரம், விற்கும் காரணம் என்று வரிசையாக எழுதினேன். முதல் கட்டம் என்ஜினைத் தொட்டுப் பார்ப்பது. வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தந்தது அது. ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் கையை வை. ஆறிக் கிடக்கிறதா, சூடாக இருக்கிறதா பார். மனிதர்களைப்போலத்தான், காலையில் எழும்போதுதான் என்ஜினும் தன் நோயைச் சொல்லும்.

கடைசிக் கட்டம் பணம். வாங்கும் விலை போகத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு கையில் நிற்க வேண்டும் என்று எழுதினேன். பழைய படகு எதையாவது கேட்காமல் இருக்காது.

மாமா அதைப் படித்துவிட்டு, "கல்யாணத்துக்குக்கூட இத்தனை விசாரிக்க மாட்டாங்க" என்றார்.

"விசாரிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்றாள் அக்கா.

முதல் படகு பார்க்கப் பளபளவென்று இருந்தது. புதுப் பெயின்ட். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது பெயின்டுக்குக் கீழே கை நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியது. இரண்டாவதில் ஏறி நின்றதும் தளம் காலுக்குக் கீழே மெத்தைபோல அமுங்கியது. மாமா அதன்மேல் குதித்துப் பார்த்து, "நல்லா சொகுசா இருக்கே" என்றார். அவர் சிரிக்கவில்லை, நாள்கள் போய்க்கொண்டிருந்தன. மூன்றாவது மற்ற எல்லாக் கட்டத்திலும் தேறி, விலையில் எங்கள் தொகையைப்போல இரண்டு மடங்காக நின்றது. அதை விட்டு வரும்போது மாமா பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் நின்றுகொண்டார்.

நான்காவது, பல் டாக்டருடையது.

அவர் ஐம்பது வயதுக்காரர். வாரத்தில் ஒரு நாள் வேகமாகப் போய்வரவென்று வாங்கியிருந்தார். முதுகு வலி வந்ததால் விற்கிறார். இருபத்து நான்கு அடி நீளம், எட்டு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், நானூற்றுப் பத்து மணிநேரம் ஓடியது. மரச் சுத்தியலின் பிடியால் அடிப்பகுதியை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போனேன். ஈரம் ஏறிய இடம் மந்தமாக ஒலிக்கும். எங்கும் ஒரே தெளிவான சத்தம்.

டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். "நாங்களும் இப்படித்தாம்மா தட்டிப் பாப்போம். சொத்தை இருக்கா?"

"இதுவரைக்கும் இல்லை சார்."

"எனக்கே ரெண்டு இருக்கு" என்றார்.

மாமாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். துறைமுகச் சுவரைத் தாண்டியதும் மாமா விசையைத் தள்ளினார். படகின் மூக்கு எழும்பிப் பிறகு தாழ்ந்தது. அதன்பின் நாங்கள் தண்ணீரில் இருப்பதாகவே தெரியவில்லை. தண்ணீர் கீழே எங்கோ தடதடத்துக்கொண்டிருந்தது. என் நோட்டைத் தொடையில் அழுத்திப் பிடித்திருந்தேன். மாமா திரும்பி என்னவோ கத்தினார், காதில் விழவில்லை. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கப்பல்கள் நிற்கும் இடத்தை அடைந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். பதினான்கு நிமிடம்.

கரைக்கு வந்ததும் அக்கா கேட்டாள், "என்னடி?"

"சரி" என்றேன்.

"எதுக்கும்…" என்று மாமா எடுத்துக்கொடுத்தார்.

"இல்ல மாமா. சரிதான்."

அக்கா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். சனிக்கிழமை பணம் கொடுத்துப் படகை எடுப்பது என்று பேசி முடித்தார்கள். கேட்ட விலை எங்கள் தொகைக்குச் சரியாக இருந்தது. ஐந்தில் ஒரு பங்கு என்ற கடைசிக் கட்டத்தைப் பற்றி மாமா பேசவில்லை. நானும் பேசவில்லை. அதை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

எனக்கு ஒரு பழக்கம். வேலை முடிந்த நோட்டை இன்னொரு நோட்டில் நல்ல கையெழுத்தில் எழுதி வைப்பேன். புதன்கிழமை மாலை வகுப்புக்குச் சீக்கிரம் போய்விட்டதால், காலியாக இருந்த பட்டறை மேசையில் உட்கார்ந்து படி எடுக்க ஆரம்பித்தேன். முதல் படகு, முதல் கட்டம்: இளஞ்சூடு, உடனே ஸ்டார்ட் ஆனது. இரண்டாவது படகு: சூடு, உடனே ஸ்டார்ட் ஆனது. மூன்றாவது: இளஞ்சூடு. நான்காவது: சூடு, முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது, ஓனர் காத்திருக்க வைக்கவில்லை, நல்ல மனிதர்.

பேனா அங்கேயே நின்றுவிட்டது. நான்கு படகு, நான்கு வெவ்வேறு ஆள், நான்கு வெவ்வேறு இடம். நான்கு என்ஜினும் நான் போவதற்கு முன்பே ஓடியிருந்தன. எப்படி என்று யோசிக்க வெகு நேரம் ஆகவில்லை. நான்தான் காரணம். கடையில் சொல்லாமல் வந்து நின்று அவசரப்படுத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அதனால் எங்கே போனாலும் அரை மணி நேரத்துக்கு முன்னால் போன் செய்து, "வந்துட்டிருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். அரை மணி நேரம் ஒரு என்ஜினைச் சூடாக்கப் போதும். எல்லாக் கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பியிருந்தேன். முதல் கட்டத்தில் கேள்வி ஒன்று, நான் எழுதிய பதில் வேறொன்று. அதற்கும் டிக் போட்டிருந்தேன். அந்த டிக்கை நம்பி அக்கா பணத்தை எடுக்கப்போகிறாள். அந்த டிக்கை நம்பி மாமா தனியாகக் கடலுக்குப் போகப்போகிறார்.

அன்று வகுப்பில் என்ன சொல்லித்தந்தார்கள் என்று என் நோட்டில் இல்லை.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, யாருக்கும் போன் செய்யாமல், படகு கட்டியிருந்த இடத்துக்குப் போனேன். ப்ளக் கழற்றும் ஸ்பேனரையும் பேட்டரி அளக்கும் மீட்டரையும் வகுப்புப் பட்டறையிலிருந்து முதல் நாள் இரவே கேட்டு வாங்கி வைத்திருந்தேன். கேட்டில் இருந்த காவலாளி பல் குச்சியோடு எழுந்து வந்தார்.

"என்னம்மா, இன்னிக்கு சொல்லவே இல்லையே? சொல்லியிருந்தா ஸ்டார்ட் பண்ணி வச்சிருப்பேனே."

"தினமும் நீங்கதான் ஸ்டார்ட் பண்ணுவீங்களாண்ணே?"

"நீ வர்ற அன்னிக்கு மட்டும். டாக்டர் போன் பண்ணுவாரு. அது காலையில கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நாலஞ்சு தடவை திருப்பினா கேக்கும். வயசான ஆளு மாதிரி, எந்திரிக்கத்தான் கஷ்டம், எந்திரிச்சிட்டா ஓடும்."

சாவி அவரிடம்தான் இருந்தது, டாக்டரைக் கேட்காமல் தர மாட்டேன் என்றார். காவலாளி போன் செய்தார். டாக்டர் கிளினிக்குக்குப் புறப்பட்டவர் அப்படியே வந்தார். வெள்ளைச் சட்டை, தேய்த்த மடிப்பு கலையாமல். "ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று கேட்டார். ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும் என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுக்கச் சொன்னார்.

என்ஜினில் கையை வைத்தேன். இரும்பு கல்லைப்போலக் குளிர்ந்திருந்தது. சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம், சுவரில் முட்டியது போல. அவ்வளவுதான். திரும்பவும் திருப்பினேன். அதே சத்தம்.

"பேட்டரியா இருக்கும்" என்றார் டாக்டர்.

பேட்டரியை அளந்து காட்டினேன். நிறைந்திருந்தது. இனி முரட்டுத்தனமாகத் திருப்பினால் உள்ளே ஏதாவது வளைந்துவிடும் என்று சொல்லிவிட்டு, ஸ்பார்க் ப்ளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைக்குட்டையில் வரிசையாக வைத்தேன். முதல் ஐந்து காய்ந்திருந்தன. ஆறாவதின் முனையில் துரு நிறத்தில் ஒரு சொட்டு தொங்கியது. ஏழும் எட்டும் காய்ந்திருந்தன. ப்ளக் இல்லாத என்ஜினை மறுபடி சுற்றவிட்டேன். ஆறாவது துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்து டாக்டரின் சட்டையில் நெஞ்சு முழுக்கத் தெறித்தது. அவர் நகரவில்லை.

விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

புகை வெளியேறும் இரும்புக் குழாயைச் சுற்றிக் கடல்நீர் ஓடி அதைக் குளிர்விக்கும். இரும்பின் உட்சுவர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், படகு சும்மா நிற்கும்போது அந்த நீர் மெல்லச் சிலிண்டருக்குள் இறங்கி என்ஜினைச் சுற்றவிடாமல் தடுக்கும். தினமும் ஓட்டிக்கொண்டிருந்தால் அடித்து வெளியே தள்ளிவிடும், யாருக்கும் தெரியாது. கப்பலுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் அணைத்துவிட்டுக் காத்திருந்து, மறுபடி சாவியைத் திருப்பினால் ஒருநாள் அந்த 'டக்' மட்டும் கேட்கும்.

"வேர் வரைக்கும் போயிடுச்சுங்கறீங்க" என்றார் டாக்டர்.

"திறந்து பாத்தாத்தான் தெரியும் சார்."

"நீங்க வந்து காத்திருக்கக் கூடாதுன்னுதாம்மா ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொன்னேன்."

அது மரியாதையா, தந்திரமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தன் கைக்குட்டையை எடுத்து அவர் சட்டையைத் துடைத்துக்கொண்ட விதத்தில் அவருக்கே அது தெரியவில்லை என்று பட்டது. விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வதாக, நான் கேட்காமலே சொன்னார்.

மாலையில் மாமா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கதவை ஒட்டிய நாற்காலியில் அவர் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டார். அக்கா சமையலறை வாசலில் நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை சரின்னே."

"ஆமா மாமா."

"இன்னிக்கு இல்லைங்கறே. ரெண்டுல எது நீ? எதை நான் நம்பறது?"

"அன்னிக்குச் சொன்னது தப்பு. நான் பாக்காததுக்கு டிக் போட்டுட்டேன். போன் பண்ணிட்டுப் போனதும் என் தப்பு." அதோடு நிறுத்தியிருக்கலாம். "அன்னிக்கு எனக்கும் அந்த வேகம் பிடிச்சிருந்தது மாமா. அதனாலயும் சொல்லியிருப்பேன்."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டர் எனக்கும் போன் பண்ணினாரு. குறைச்சுக்கறேன்னாரு. அந்தக் காசுல குழாயை மாத்திடலாமில்ல?"

"குழாய் மட்டும்னா மாத்திடலாம். உப்புத்தண்ணி எத்தனை நாளா உள்ள இறங்குதுன்னு தெரியாது. சிலிண்டர் எப்படி இருக்கோ. திறந்ததுக்கப்புறம் மூடுறதுக்குக் காசு இல்லேன்னா அது பாதியில கிடக்கும்."

"ஒருவேளை உள்ள நல்லா இருந்தா?"

"இருக்கலாம்."

"இருக்கலாம்! இதையே எத்தனை வருஷமா சொல்லுவே?" அவர் குரல் உயர்ந்தது. "திங்கக்கிழமை முதல் தேதி. இதை விட்டா வேற படகு இல்லை, தெரியுமில்ல? எட்டு வருஷமா போன பாதை அது. உன் 'இருக்கலாமை' வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?"

"ஏங்க, அவளை ஏன் அதட்டறீங்க?" என்றாள் அக்கா.

"அதட்டலை. கேக்கறேன். நீதானே அவ சொல்லணும்னே? சொல்லட்டும்." என் பக்கம் திரும்பினார். "ஆமாவா, இல்லையா? அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

உள்ளே எல்லாம் நன்றாகவே இருக்கலாம். குழாயை மாற்றினால் இன்னும் பத்து வருடம் ஓடக்கூடும். வேறு யாராவது அதை வாங்கிச் சரிசெய்து, மாமாவின் கண் முன்னாலேயே பதினான்கு நிமிடத்தில் கப்பலுக்குப் போகலாம். அப்படி நடந்தால் அவர் பிழைப்பைக் கெடுத்தவள் நான். இதெல்லாம் ஒவ்வொன்றாக மனதில் வந்து நின்றது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. என் வாயிலிருந்து வருவதற்குத் தன் முகம் காரணமாகிவிடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம் மாமா" என்றேன்.

மாமா குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்தார். ஒன்றை அவிழ்த்துவிட்டு வெகு நேரம் கழித்து மற்றதை அவிழ்த்தார். இரண்டையும் கதவோரம் ஜோடியாக வைத்தார். எப்போதும் உதறிவிட்டு வருகிறவர்.

"ஏஜென்ட்டுக்கு நான்தான் சொல்லணும்" என்றார். "நாளைக்குன்னா வாய் வராது. இங்க வந்து உக்காரு."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அக்கா உள்ளே போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

மாமா எண்ணைத் தட்டி, போனைக் காதில் வைத்து, முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"ஐயா, வணக்கம். நான்தாங்க… ஆமாங்க. படகு விஷயமாத்தாங்க. அமையலைங்க." எனக்குத் தெரியாத ஒரு குரல் அது, அவ்வளவு பணிவு. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. குழாயை மூடிவிட்டு அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. "பாத்தோங்க. ஒண்ணு முடிவாகிற மாதிரிதான் இருந்தது. எங்க மெக்கானிக் பாத்துட்டு வேண்டாம்னுட்டாங்க… இல்லைங்க, அவங்க சொன்னாச் சொன்னதுதாங்க. திங்கக்கிழமைக்குள்ள ஆகாதுங்க."

மறுமுனையில் என்னவோ சொன்னார்கள். இரண்டே வார்த்தை இருக்கும். பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்ட சத்தம் எனக்கே கேட்டது.

மாமா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"சரிங்க" என்றார் கொஞ்சம் உரக்க. "பரவாயில்லைங்க… உங்க பெரிய மனசுங்க அது. கட்டாயம் வர்றேங்க. ஆறு மாசத்துல வேற படகோட வந்து பாக்கறேங்க… ஆமாங்க, வீட்டுல எல்லாரும் சௌக்கியம்."

உள்ளே அக்கா மறுபடி குழாயைத் திறந்தாள். அதுவரை அவர் பேசிக்கொண்டே இருந்தார்.